128-ஆ, 256-ஆ?

போன ஞாயிறு ரிசப்ஷனில் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையேறுகிற நேரம். பாடகி மைக்கைக் கையில் எடுத்தாயிற்று. ரிதம் பேட் தம்பி குச்சியைச் சுழற்றிக்கொண்டிருக்கிறான். கீபோர்டுக்குப் பின்னால் நிற்கிற கட்டுரையாளரின் லேப்டாப் மட்டும் திரையில் ஒரு சின்னப் பெட்டியை விரித்து, உரிமத்தைச் சரிபார்க்க வேண்டும், மறுபடி லாகின் செய்யுங்கள் என்கிறது. முழுக் காசு கொடுத்து வாங்கிய ஸ்ட்ரிங்ஸ் மென்பொருள். மண்டபத்தில் சிக்னல் ஒரே கோடு. ஓ.டி.பி. போனதோ வீட்டம்மாவின் போனுக்கு. மேளச் சத்தத்தில் புருஷன் குரலே அவருக்குப் பிடிபடவில்லை. “ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீங்கன்னு பேங்க்ல இருந்து தினம் மெசேஜ் வருது, யாருங்க நீங்க?” என்று கேட்டுவிட்டு லைனைத் துண்டித்தார். அவர் செய்தது சரி. அதுதான் இன்னும் ஆறவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. நாளைக்குக் கச்சேரி என்றால் இன்று ராத்திரி பதினோரு மணிக்குப் புது பியானோவை டவுன்லோட் போடுகிற கூட்டம்தானே. ஆகவே மேடைக்கு ஒரு லேப்டாப்பை எப்படித் தயார் செய்வது என்பதைப் பத்து வரியில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் கட்டுரையாளர் உட்கார்ந்தார். அதற்கு முன்னால் பஃபரைப் பற்றி ஒரு வார்த்தை.

128-ஆ, 256-ஆ? கீபோர்டுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால், ‘எவ்வளவு பேமெண்ட்?’ என்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்வது இதைத்தான். கணினி ஒலியைக் கொத்துக் கொத்தாக அனுப்புகிறது. ஒரு கொத்தில் எத்தனை சாம்பிள் என்பது பஃபர். வினாடிக்கு 44,100 சாம்பிள் என்றால் 128-க்கு 2.9 மில்லி செகண்டு, 256-க்கு 5.8, 512-க்கு 11.6. எண் கூடக் கூட, கட்டையை அழுத்தியதற்கும் சத்தம் வருவதற்கும் இடைவெளி கூடும். குறைத்தால் கணினிக்கு மூச்சு வாங்கி, ஸ்பீக்கரில் கடுகு வெடிக்கும். 1997-ல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் ஆசியோ என்ற டிரைவர் முறையைக் கொண்டுவந்ததே, விண்டோஸுக்குள் இருக்கிற மிக்ஸர் வழியாகப் போகாமல் ஒலி நேராக வெளியே வரத்தான். இதுவரைக்கும் அறிவியல். இனிமேல் பைத்தியம்.

256-ல் ஒரு பாட்டு வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கி, “ஃபீல் இல்லண்ணே” என்பார் ஒருவர். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 2.9 மில்லி செகண்டு ஆகும். அப்படியானால் 256-ஐ 128 ஆக்குவதும், ஸ்டூலை ஸ்பீக்கர் பக்கம் ஒரு மீட்டர் இழுத்துப் போடுவதும் ஒன்றுதான். ஸ்டூலை இழுக்கக் காசு வேண்டாம். அவரோ புது ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குகிறார். வாங்கி, 128-ல் வைத்து, மானிட்டர் ஸ்பீக்கர் நாலு மீட்டர் தள்ளிக் கிடக்க, கண்ணை மூடிக்கொண்டு வாசித்து, “இப்ப ஃபீல் வருது” என்கிறார். ஆயிரக்கணக்கில் கொட்டி மிச்சம் பிடித்த மூன்று மில்லி செகண்டுக்குப் பதிலாகக் காற்று பன்னிரண்டை வாங்கிக்கொண்டது அவருக்குத் தெரியாது. சொன்னாலும் கோபம்தான் வரும். அதே மேடையில் தபேலாக்காரர் ஐந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். புல்லாங்குழல்காரர் அதற்கும் அந்தப் பக்கம். அவர்களுக்கு பஃபரே கிடையாது. ஃபீல் இல்லை என்று அவர்கள் ஒரு நாளும் சொன்னதில்லை.

128-ஐத் தாண்டினவர்கள் தனி ஜாதி. 64-ல் ஓட்டுகிறவர் முகத்தில் விரதம் இருக்கிறவரின் தேஜஸ் தெரியும். 32 என்று ஒருவர் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் எல்லாரும் வீட்டுக்குப் போய் வைத்துப் பார்ப்பார்கள். இவர்களிடம் மிடி கேபிளைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றிவிடுவார்கள். 1983 ஜனவரியில், அமெரிக்காவின் ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில், புராஃபெட்-600, ஜூப்பிடர்-6 என்ற இரண்டு சிந்தசைஸர்களை மிடி கேபிள் போட்டு இணைத்து, ஒன்றை வாசிக்க மற்றது பாடியது. அன்றைக்கு வைத்த வேகம் வினாடிக்கு 31,250 பிட். ஒரு சுரம் கேபிளைக் கடக்கவே கிட்டத்தட்ட ஒரு மில்லி செகண்டு. பத்து விரலையும் ஒன்றாக வைத்தால் கடைசி விரல் சில மில்லி செகண்டு பின்தங்கித்தான் போய்ச் சேரும். அந்தக் கேபிளில் வாசித்துத்தான் எத்தனையோ பேர் பெரிய ஆள் ஆனார்கள். இத்தனையும் பேசுகிற கட்டுரையாளர் எதில் வைத்திருக்கிறார் என்று கேட்பீர்கள். 128-ல். 256-ல் ஃபீல் இல்லை.

சரி, தயார் செய்வதற்கு வருவோம். மேக் வைத்திருப்பவர்களுக்கு 2007-ல் லாஜிக் ஸ்டுடியோவோடு வந்த மெயின்ஸ்டேஜ் இருக்கிறது. விண்டோஸ்காரர்களுக்கு கேண்டபைல், கிக் பெர்ஃபார்மர். பாட்டு வரிசையைப் போட்டு வைத்தால் பெடலை ஒரு மிதி மிதித்ததும் அடுத்த பாட்டின் டோன்கள் தயார். வைஃபையை அணைத்து, யு.எஸ்.பி.யைத் தூங்கவிடாமல் செய்து, பவர் செட்டிங்கை ஏற்றிவைக்க வேண்டும். உரிமத்தைச் சரிபார்க்க மறுபடி வைஃபையைப் போட வேண்டும் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

பியானோவைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஐவரி 2 என்ற பியானோ மென்பொருள் மட்டும் 77 ஜி.பி. மெதுவாகத் தொட்டால் ஒரு பதிவு, ஓங்கி அடித்தால் வேறொரு பதிவு, பெடலை எடுக்கும்போது கம்பிகளில் படிகிற முனகல்கூட உள்ளே இருக்கிறது. இவ்வளவையும் சுமந்துகொண்டு மண்டபத்துக்குப் போனால், மைக்செட் அண்ணன் ஒரே ஒரு மோனோ ஜாக்கை நீட்டி, “இதுல குடுங்க சார், போதும்” என்பார். இடமும் வலமும் ஒன்றாகக் கலந்து, குளிர்பானம் ஊற்றுகிற இடத்தைத் தாண்டி, மூன்று பந்திச் சத்தத்துக்குள் அந்த 77 ஜி.பி. போய்ச் சேரும். அதோடு ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் இரைச்சல் நிற்கும். பிடுங்கியதும் லேப்டாப் பேட்டரிக்கு மாறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடுகு மறுபடி வெடிக்கும். அண்ணன் நம்மைப் பார்ப்பார். டி.ஐ. பாக்ஸ் கொண்டு வந்திருந்தால் தீர்ந்திருக்கும். அது அவர் வண்டியில் இருக்கும், வண்டி வேறு மண்டபத்தில் இருக்கும்.

1986-லேயே ‘புன்னகை மன்னன்’ படத்துக்குக் கணினி சீக்வென்சரைக் கொண்டுவந்துவிட்டார் இளையராஜா. அது ஸ்டுடியோ, சொதப்பினால் இன்னொரு டேக். மண்டபத்தில் இன்னொரு டேக் கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் சும்மா விடுவார்களா?

“இந்தக் கம்ப்யூட்டர் தொல்லையே வேண்டாம்னுதான் நான் குரோனஸ் வாங்கினேன்” என்று நெஞ்சை நிமிர்த்துகிற சீனியர் ஒருவர் எல்லா ஊரிலும் உண்டு. 2011-ல் கோர்க் வெளியிட்ட குரோனஸுக்குள் இருப்பது இன்டெல் ஆட்டம் பிராசசரும் லினக்ஸும்தான். கட்டை வைத்த கம்ப்யூட்டர். ஆன் ஆகவே கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஒரு கோயில் திருவிழாக் கச்சேரியில் அவரும் கட்டுரையாளரும் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், ஜெனரேட்டர் பிடித்து, வெளிச்சம் திரும்பி வந்தது. குரோனஸ் முதலிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு என்பதால் அது அசையவில்லை. அதை வாசிப்பதற்கான கீபோர்டுக்கு பேட்டரி கிடையாது, அது அணைந்து எழுந்து வந்தபோது கணினிக்கு அதை அடையாளம் தெரியவில்லை. தம்பியின் ரிதம் பேட் மறுபடி கிளம்ப ஆகிற நேரம் சில வினாடி. அவன் தனியாக ஒரு குத்தைப் போட்டான். முன் வரிசையில் இருந்த பொடியன்கள் எழுந்தார்கள், அப்புறம் பின்னால் இருந்தவர்கள், கடைசியில் விழாக் கமிட்டிக்காரர்களே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்து கமிட்டித் தலைவர் வேர்வையைத் துடைத்தபடி மேடைக்கு வந்தார். “அருமைங்க. அடுத்த வருசம் இந்தத் தம்பி மட்டும் வந்தாப் போதும். பட்ஜெட்டும் குறையும்ல?”