கூட்டல் சி: பாடபேத ஆராய்ச்சி

கணக்குப் போட்டுப் பழகுதல் மூவகைப்படும்: பார்த்துப் போடுதல், பாராமல் போடுதல், போட்டதாகக் காட்டுதல். முதலிரண்டும் வெளிப்படை. மூன்றாவது முனைவர் பட்டம் வரை பயன்படுவதால், விரிப்பின் பெருகும்.

இயற்கணிதப் பயிற்சியில் நிகழும் பிழை ஒன்றே; அது கழித்தல் குறி.

நுண்கணிதம் அவ்வளவு எளிதன்று. 1675 அக்டோபரில் லைப்னிட்ஸ், கூட்டுத்தொகையைக் குறிக்கும் 'சும்மா' என்ற லத்தீன் சொல்லின் முதலெழுத்தை நீட்டித் தொகையிடல் குறியாக்கினார். சும்மா தமிழ்ச் சொல்லே என நிறுவும் கட்டுரை இன்னும் வராதது வியப்பு. நுண்கணிதத்தை முதலில் கண்டவர் யார் என்ற தகராறை விசாரிக்க 1712இல் ராயல் சொசைட்டி குழு அமைத்தது. சொசைட்டியின் தலைவர் நியூட்டன். குழுவின் அறிக்கையை எழுதியவர் நியூட்டன். பின்னர் அதற்குப் பெயரிடாமல் மதிப்புரை எழுதியவரும் நியூட்டனே. ஆய்விதழ் உலகம் இம்மரபைப் பேணிவருகிறது.

இனி நூற்பொருள். 'சைன் எக்ஸ், காஸ் எக்ஸ் பெருக்கலைத் தொகையிடுக' என்னும் கணக்கு, முதலாமாண்டு நோட்டுகளில் மூன்று பாடங்களுடன் வழங்குகிறது. சைனை யூ என்று கொண்டவருக்கு விடை, சைன் வர்க்கத்தில் பாதி. காஸை யூ என்று கொண்டவருக்குக் காஸ் வர்க்கத்தில் பாதி, கழித்தல் குறியோடு. இரட்டைக் கோண வாய்பாட்டை நம்பியவருக்குக் காஸ் இரண்டு எக்ஸில் கால், அதுவும் கழித்தல் குறியோடு. புத்தகத்தின் பின்பக்கம் மூன்றாவதை மட்டும் அச்சிட்டிருந்தால், முதலிருவரும் தம் விடையை அழிக்கத் தொடங்குவர். மூலப்பிரதியில் இவ்விடத்தில் காணும் ஓட்டை செல்லரித்ததன்று, ரப்பர் தேய்த்தது என்பது துணிபு (ஜெராக்ஸ் பிரதி அ, பக்கம் 12).

மூன்றும் சரியே. எக்ஸுக்குப் பூஜ்யம் இட்டால் முதற்பாடம் பூஜ்யமும், இரண்டாவது கழித்தல் அரையும், மூன்றாவது கழித்தல் காலும் தரும். வேறு எதை இட்டாலும் அவற்றிடையே உள்ள இடைவெளி இதுவே. மாறாததால் அது மாறிலி; அதை விழுங்கவே விடையின் வாலில் கூட்டல் சி நிற்கிறது.

இதைக் கண்டு சொன்ன உரைகாரரின் பெயர் கிடைக்கவில்லை. செம்புலப்பெயல்நீரார் பெயர் பெற்ற முறைப்படி, அவர் பச்சை மையார் எனப்படுவார். அவர் பெண்பாலா ஆண்பாலா, எந்த ஹாஸ்டல், எந்த அரியர் என்பன பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்த அறிஞரும் இல்லை (பிரதி ஆ, பக்கம் 41, இடது ஓரம், தலைகீழாக எழுதியது).

கூட்டல் சி விடுபட்டால் பெரும்பாலும் குறைக்கப்படுவது அரை மதிப்பெண். முதற்பாடத்துக்கும் இரண்டாம் பாடத்துக்கும் உள்ள இடைவெளியும் அரை. இது தற்செயலன்று என்கிறார் பச்சை மையார் (பிரதி ஆ, பின்னட்டை உட்புறம், மெஸ் பாக்கிக் கணக்குக்கும் டீக்கறைக்கும் இடையே, கறை காய்வதற்கு முன் எழுதப்பட்டது).