சிரஸ்தார் சார்

ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் கல்யாணப் பத்திரிகையில் ஒற்றுப்பிழை தேடுவார். ஓய்வுபெற்ற கோர்ட் சிரஸ்தார், செத்துப்போனவர்கள் மேல் டிவிக்காரர்கள் நடத்தும் வழக்குகளில் ஓட்டை தேடுவார். எங்கள் மாடிவீட்டு சிரஸ்தார் சார் அந்த ரகம்.

சீரியல் கோர்ட்டை அவர் மதிப்பதில்லை. "ஜட்ஜ் சுத்தியலால தட்டுறார் தம்பி! என் சர்வீஸ்ல ஒரு கோர்ட்லயும் நான் சுத்தியலைப் பார்த்ததில்லை." சரித்திரம் நடத்தாமல் விட்ட விசாரணைகள்தான் அவருக்குப் பிரியம். பேரன் தேடிக் கொடுப்பான். வெற்றிலைச் செல்லமும் பழைய டைரியும் பக்கத்தில் இருக்கும்.

முதலில் மூன்றாம் ரிச்சர்டு. 1483-இல் அண்ணன் பிள்ளைகள் இருவரைக் கொன்றான் என்று பழி சுமந்த இங்கிலாந்து ராஜா. 1984-இல் பிரிட்டிஷ் டிவி அவனுக்கு நிஜ வக்கீல்களையும் ஜூரியையும் வைத்து விசாரணை நடத்த, ஜூரி விடுதலை செய்துவிட்டது. சார் அதைக் காதில் வாங்கவில்லை.

"ஐந்நூத்தியொரு வருஷ தாமதம். தாமத மன்னிப்பு மனு போட்டாங்களா?"

அடுத்து ஆஸ்வால்ட். 1963 நவம்பர் 22-இல் கென்னடியைச் சுட்டதாகப் பிடிபட்டவன். இரண்டே நாளில் ஜாக் ரூபி அவனைப் போலீஸ் காவலில் வைத்தே சுட்டுக் கொன்றதால் வழக்கு நடக்கவில்லை. 1986-இல் லண்டன் டிவிக்காரர்கள் டெக்சஸிலிருந்து ஜட்ஜையும், டல்லாஸிலிருந்து ஜூரிகளையும், நிஜ சாட்சிகளையும் விமானத்தில் வரவழைத்து விசாரித்தார்கள். குற்றவாளி என்று தீர்ப்பு.

"சம்பவ இடம் டல்லாஸ், விசாரணை லண்டன். ஜூரிஸ்டிக்‌ஷன் எங்கே? அதுபோக, எதிரி செத்தா வழக்கு அற்றுப்போச்சு. தள்ளுபடி!"

"ஏங்க, காப்பி ஆறுது" என்று மாமி உள்ளிருந்து குரல் கொடுப்பார். அந்த மனு நிலுவையில் கிடக்கும்.

அவர் மெச்சியது ஒன்றே ஒன்று. ஆஸ்வால்ட் சாகாமல் கோர்ட்டுக்கு வந்திருந்தால் என்று 1977-இல் அமெரிக்க டிவி ஏபிசி எடுத்த படம். மணிக்கணக்கில் வாதம் நடந்து, கடைசியில் தீர்ப்பே சொல்லாமல் முடியும். நான் ஏமாந்து போனேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இதுதான்யா கோர்ட்டு!"

இப்படிப்பட்டவரைப் போய் எங்கள் தெருப் பையன்கள் கோயில் திருவிழா வழக்காடு மன்றத்துக்கு நடுவராகப் போட்டார்கள். கோவலன் கொலை வழக்கு. குற்றவாளிக் கூண்டில் பாண்டியன். தொடுத்தவர் கண்ணகியாகவே மாறிக் கதறினார். மறுத்தவர் பாண்டியனுக்காக அழுதே விட்டார். கூட்டமும் மூக்கைச் சிந்தியது. சார் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார்.

இரவு பதினொன்றுக்கு மைக்கைப் பிடித்தார். "முக்கியமான சான்றுப் பொருள் சிலம்பு. அதை மனுதாரரே கோர்ட்டு ஹால்ல உடைச்சிருக்காங்க. மகஜர் இல்லை. எதிரி தீர்ப்புக்கு முன்னாடியே உயிரை விட்டுட்டார். சம்பவ ஊரையும் எரிச்சாச்சு, ஸ்தல பார்வைக்கு வழியில்லை. எல்லாத்துக்கும் மூலகாரணமான பொற்கொல்லனை ஏன் விசாரிக்கலை?"

கூட்டம் தீர்ப்புக்காக வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தது.

"பொற்கொல்லனுக்குச் சம்மன். வாய்தா, அடுத்த மாசம் பதினாலாம் தேதி" என்று டைரியை மூடிவிட்டு மேடையிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடினார்.