காந்தம் ஒட்டாத கார்

எண்பதுகளில் கோவையில் பழைய கார் வாங்க வருகிறவர் சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்திருப்பார். கதவு, மட்கார்டு என்று ஒட்டிப் பார்ப்பார். ஒட்டாத இடத்தில் பட்டி ஏறியிருக்கிறது என்று விலையைக் குறைப்பார். டால்ஃபின் வந்ததும் அந்த விஞ்ஞானம் படுத்துவிட்டது. 1982-ல் பெங்களூர் சிப்பானி கம்பெனி விட்ட வண்டி அது. மூலம் இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன். 848 சிசி எஞ்சின், ஃபைபர் கிளாஸ் பாடி. காந்தக்காரர் கணக்குப்படி வண்டி முழுக்கவே பட்டி! 'சோப்பு டப்பா' என்று சொல்லிவிட்டு அம்பாசிடர் தேடிப் போவார். ராலி ஓட்டுகிறவர்கள்தான் எடை குறைவென்று ஆசையாக வாங்கினார்கள்.

எங்கள் பட்டறையில் தகரம் தட்டுகிறவர்தான் மேஸ்திரி. ஃபைபர் வேலை பொடியன் தலையில், அதாவது என் தலையில். அமெரிக்காவில் 1953-லேயே கார்வெட் இதே ஃபைபர் பாடியோடு வந்தது தெரிந்திருந்தால், மேஸ்திரி எனக்கு ஒரு டீயாவது சேர்த்துச் சொல்லியிருப்பார்.

சுத்தியலுக்கு அதில் வேலை இல்லை. காதுக்குத்தான் வேலை. ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே போவேன். கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. ஒரு புள்ளியிலிருந்து சுற்றிலும் மயிரிழை விரிசல் ஓடினால் அங்கே அடி விழுந்திருக்கிறது, பல சமயம் உள்பக்கத்திலிருந்து. கதவுக் கீல் ஓரமாக வரிசையாக ஓடினால் பாடி வளைந்து கொடுக்கிறது. குண்டூசிமுனை ஓட்டைகள் ஜெல்கோட் என்கிற மேல்பூச்சில் மாட்டிய காற்று. மேலே பெயின்ட் அடித்து வெயிலில் நிறுத்தினால் அது கொப்புளமாகக் கிளம்பும்.

எல்லாவற்றுக்கும் மேலே பட்டி இழுத்தால் மறைந்துவிடும், டெலிவரி எடுக்கிற அன்றைக்கு. ஒழுங்கான வேலை என்றால் விரிசலை அடிவரை தேய்த்துத் திறக்க வேண்டும். பின்பக்கம் கண்ணாடி இழை மேட் வைத்து, ரெசினில் நனைத்து, ரோலரால் காற்றை விரட்டிய பிறகுதான் முன்பக்கம் கை வைக்கலாம். ஹார்ட்னர் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு. கை தவறிக் கூடினால் டப்பாவே புகையும். பழைய பெயின்ட்டை உரிக்க ரிமூவர் தடவினால் ரெசினும் சேர்ந்து ஊறிவிடும். உப்புத்தாள்தான் கதி. கண்ணாடித் தூள் ராத்திரி முழுக்க உடம்பை அரிக்கும். கூலி தகர வேலையில் பாதி.

ஃபைபர் நெசவு பெயின்ட்டில் லேசாகத் தெரிந்தாலும் மறுபடி தேய்க்கச் சொல்லித் திட்டு விழும். இன்று கார்பன் ஃபைபர் பானெட்டுக்குப் பணத்தைக் கொட்டி, நெசவு தெரிய வேண்டுமென்றே பெயின்ட் அடிக்காமல் ஓட்டுகிறார்கள். அதுவும் ரெசினில் ஊறிய துணிதான். வசதி இல்லாதவர்கள் நல்ல தகரத்தின் மேல் நெசவு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்கிறார்கள்!

டால்ஃபினும் சேகரிப்பாளர்கள் தேடும் வண்டியாகிவிட்டது. சமீபத்தில் ஒரு தம்பி, பெயின்ட் கனம் அளக்கும் மீட்டரோடு வந்தார். உலோகத்தின் மேல் மட்டுமே அளக்கிற சாதி அது. எங்கே வைத்தாலும் எண் வரவில்லை.

"அண்ணா, மீட்டர் கெட்டுப்போச்சுங்களா?"

"மீட்டர் நல்லாத்தான் இருக்குது தம்பி. ஒரு காசு குடுங்க."

இப்போதைய ஒரு ரூபாய் ரொம்ப லேசு. சத்தம் கேட்கப் பத்து ரூபாய்க் காசு வேண்டியிருந்தது.

ஃபைபர் வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பெயின்ட் அடித்து ஒரு கோடையாவது தாண்டிய வண்டியாகப் பாருங்கள். மார்கழியில் பளபளவென்று நிற்பதற்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.