ஒரு கவனக்குறைவு பற்றிய புகார்

மதிப்புக்குரிய ஆட்சேர்ப்பு மேலாளர் அவர்களுக்கு,

என் விண்ணப்பத்துக்கு நீங்கள் அனுப்பிய மூன்று வரிப் பதில் கிடைத்தது. மொறட்டுவைப் பட்டமும் கொழும்பில் நான் வடிவமைத்த ஆஸ்பத்திரியும் மிக நன்றாக இருக்கின்றன, கனேடிய அனுபவம் இல்லாததுதான் குறை என்று எழுதியிருந்தீர்கள். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அதோடு, இதே குறையுள்ள இன்னொருவர் இந்த நகரத்துக்குள் நுழைந்து பெரிய வேலையே பார்த்துவிட்டுப் போயிருப்பதை உங்கள் காதில் போடுவதும் என் கடமை.

ஆள் பெயர் விலியோ ரெவெல். நாடு பின்லாந்து. ரொறன்ரோ நகரசபைக் கட்டடத்துக்கு நடந்த சர்வதேசப் போட்டியில், வந்து குவிந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட வடிவமைப்புகளை ஒதுக்கிவிட்டு 1958இல் இவருடையதைத் தேர்ந்தார்கள். கனடாவில் அதுவரை அவர் ஒரு நாய்க்கூடுகூடக் கட்டியதில்லை. யாரும் கேட்கவில்லை! 1965இல் கட்டடம் திறக்கப்படுவதற்கு முந்தின வருடமே அவர் காலமாகிவிட்டதால், விசாரணைக்கு அழைக்கவும் வழியில்லை. 27 மாடியும் 20 மாடியுமாக அந்த இரண்டு வளைந்த கோபுரங்கள், வெறும் வெளிநாட்டு அனுபவத்தின் பலத்தில் குயீன் வீதியில் இன்றுவரை நிற்கின்றன. மக்களின் பாதுகாப்பை நினைத்தாவது ஏதாவது செய்யுங்கள்.

உள்ளூர் விஷயங்களைப் பார்த்துக்கொள்ள கட்டடக்கலைஞர் ஜோன் பார்க்கினின் அலுவலகம் அவருக்குப் பக்கத்தில் இருந்ததே என்பீர்கள். நானும் அதைத்தானே கேட்டேன்? உள்ளூர் தெரிந்த ஒருவருக்குப் பக்கத்தில் ஒரு மேசை. பின்லாந்திலும் பனி கொட்டுமே என்பீர்கள். தெஹ்ரானின் பனிக்குள் கட்டடம் எழுப்பிய என் நண்பருக்கும் இதே மூன்று வரிதான் வந்தது. பனியிலும் சாதி உண்டு போலும்.

இங்கே படிக்க வேண்டியது எதுவுமில்லை என்று நான் சொல்லவில்லை. நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே, ரொறன்ரோவில் 1.2 மீற்றருக்கு, அத்திவாரத்தை இறக்க வேண்டும். நீராவித் தடுப்புத் தாளைச் சுவரின் சூடான பக்கத்தில், அதாவது உள்ளே போட வேண்டும். ‘ரூ பை ஃபோர்’ மரச்சட்டம் 38க்கு 89 மில்லிமீற்றர்தான். இரண்டுக்கு நாலு அங்குலம் என்று நம்பி வரைந்தால் தச்சர் சிரிப்பார். ஒன்ராறியோ கட்டட விதிக்கோவையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தால் இதற்கெல்லாம் ஒரு மாரிகாலம் போதும். தீப்பிடித்தால் எழுந்து நடக்கமுடியாத நோயாளிகளைக் கட்டிலோடு எந்த வழியால் வெளியே எடுப்பது என்பதைப் படிக்கத்தான் எனக்கு வருடங்கள் பிடித்தன. அதைப் பற்றி நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

சட்டத்தைக் காட்டி மிரட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கனேடிய அனுபவம் இருந்தே ஆகவேண்டும் என்பது பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013இலேயே சொல்லிவிட்டது, நீங்களும் கேட்டிருப்பீர்கள். 2026 ஜனவரி 1 முதல் வேலை விளம்பரத்தில் அதைக் கேட்கவும் தடை. ஆனால் 25 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள இடங்களுக்குத்தான். உங்களிடம் பதினெட்டுப் பேர். தப்பித்தீர்கள். பெரிய அலுவலகங்கள்தான் பாவம், அதே கதவைச் சாத்தப் புதுச் சொல் தேடவேண்டியிருக்கிறது. ‘எங்கள் குழுவோடு பொருந்திப்போகிறவர்’ என்பது இப்போதைக்கு நன்றாக ஓடுகிறது.

தற்சமயம் நான் ஸ்காபரோவில் சமையலறை அலுமாரி செய்யும் ஒரு பட்டறையில் அளவெடுக்கும் வேலை பார்க்கிறேன். முதலாளி புங்குடுதீவுக்காரர். “நாளைக்கு வருவீரோ?” என்பதோடு அவருடைய நேர்முகத் தேர்வு முடிந்தது. இதில் எனக்கொரு சந்தேகம். மார்க்கம் நகரத்து வீடுகளின் நிலக்கீழ் அறைகளில் அலுமாரிக்கு அளவெடுப்பது கனேடிய அனுபவத்தில் சேருமா? சேருமென்றால் தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் ஆஸ்பத்திரியை எடுத்துவிட்டு இதை முதலாவதாகப் போடுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் கோப்பில் பத்திரமாக இருப்பதாகச் சொல்லப்படும்
விண்ணப்பதாரி