எடை போட்டு வாங்குபவர்

தெள்ளார் டீக்கடை ஓரம் பச்சை நம்பர் பிளேட் போட்ட கார் ஒன்று வந்து நின்றால் போதும். ஓட்டி வந்தவர் சீட் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் டீ கிளாசும் கையுமாக ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். குனிந்து டயரைப் பார்ப்பார். கண்ணாடியில் கையைக் குவித்து உள்ளே எட்டிப் பார்ப்பார். "எவ்ளோ ஓடியிருக்குது? ஃபுல் சார்ஜுக்கு எவ்ளோ குடுக்குது? ஏசி போட்டா? ஏசி போட்டு அஞ்சு பேர் ஏறினா?" வந்தவர் திண்டிவனம் போகிற அவசரத்தில் பாதிக்குப் பதில் சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடிப்பார். கிளம்பும்போது, கதவு ஓரமாக, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி வரும்: "குடுக்கிற ஐடியா ஏதாவது இருக்குதுங்களா?"

வண்டி வாங்கி மூன்று மாதம்கூட ஆகாதவர்களிடமும் இந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது.

பழைய கரண்ட் கார் தேடுபவர் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார். முன்பு இதே ஆள் பழைய புல்லட் தேடினார், பிறகு பழைய சுமோ தேடினார். தெள்ளார்க்காரருக்கு மட்டும் ஒரு தனிக்குணம் உண்டு. அவர் பட்டுக்காரர். ஊரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. ஆரணிப் பக்கத்துத் தறிகளுக்குப் பாவும் ஊடையும் கொடுத்து, நெய்து வரும் சேலையை வாங்கி ஆரணிக் கடைகளுக்குப் போடும் சின்ன முதலாளி. ஜரிகை என்று நீட்டினால் கல்லில் உரசுவார். மேல் பூச்சு போய் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிந்தால்தான் அசல். பட்டு என்றால் ஓர் இழையைப் பிய்த்துக் கொளுத்துவார். முடி கருகிய வாடை வந்து சாம்பல் விரலில் பொடிந்தால்தான் சரி. நூலை எடைபோட்டுக் கொடுப்பார், சேலையை எடைபோட்டு வாங்குவார். உரசாமல், கொளுத்தாமல், நிறுக்காமல் அவர் எதையும் நம்பியதில்லை. பெண் பார்த்தபோது என்ன செய்தார் என்று அவர் மனைவி இன்றுவரை சொல்லவில்லை.

அப்படிப்பட்டவர் வாங்கக் கிளம்பியிருப்பது ஒரு பேட்டரி. நான்கு சக்கரமும் இருக்கையும் அதோடு சேர்ந்து வரும். உரச முடியாது. நிறுக்க முடியாது. கொளுத்திப் பார்க்கும் சோதனையைக் குடும்பமே கெஞ்சித் தடுத்து வைத்திருக்கிறது.

காருக்கான தேவை உண்மையானது, அதைக் குறை சொல்ல முடியாது. தெள்ளாரிலிருந்து ஆரணி போய்வர நூறு கிலோமீட்டருக்கு மேல். வாரம் மூன்று நடை. டீசல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. வண்டியில் அம்மா, மனைவி, இரண்டு மகள்கள் உட்கார வேண்டும். பின்னால் சேலை மூட்டை நசுங்காமல் படுக்க வேண்டும். திரும்பி வரும்போது ஓர் அரிசி சிப்பமும் வந்தவாசிக் கோரைப்பாய் இரண்டும் ஏற வேண்டும். ஆக, பின்பக்கம் நீளமான வண்டி வேண்டும்.

"அதுக்குப் பேரு எஸ்டேட் கார் மாமா" என்று சொன்னவர் லண்டனில் இருக்கும் மைத்துனர். அங்கே எம்.ஜி. 5 என்ற மின்சார எஸ்டேட் 2020 முதல் விற்பனைக்கு வந்தது, 52.5 யூனிட் பேட்டரி, பின்னால் தாராளமான இடம். பழைய வண்டியாக வாங்கிக் குடும்பத்தோடு ஓட்டுகிறார்கள் என்று போட்டோவும் அனுப்பினார். பட்டுக்காரரின் அம்மா போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எஸ்டேட்டு வாங்கறதா இருந்தா வால்பாறையில வாங்குடா, கார்ல எதுக்கு?" என்றார்.

அந்த அம்மாவின் குழப்பம்தான் இந்த நாட்டுக் குழப்பமும். 1992-இல் டாடா 'எஸ்டேட்' என்றே பெயர் வைத்து ஒரு நீளக் கார் விட்டது. பிறகு மாருதி பலேனோ ஆல்டுரா வந்தது. 2004-இல் இண்டிகோ மரீனா வந்தது. மூன்றும் நல்ல வண்டிகள். மூன்றையும் நம் ஜனம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும் கார்தான் கார் என்று போய்விட்டது. மின்சாரத்தில் ஓடும் எஸ்டேட்டை இந்தியாவில் யாரும் விற்கவில்லை. கிட்டத்தட்ட அந்த ஜாடையில் இருந்தது பி.ஒய்.டி. இ6: 71.7 யூனிட் பேட்டரி, 580 லிட்டர் இடம். அதன் புது விலையைக் கேட்ட அன்று பட்டுக்காரர் இரண்டாவது டீ சொன்னார். மிச்சம் இருப்பவை டிக்கி கணக்கில் இப்படி நின்றன: நெக்ஸான் 350 லிட்டர், டிகோர் 316, டியாகோ 240. லிட்டர் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. நீள அகலத்தை டேப்பால் அளந்து, சேலை அட்டைப்பெட்டி எத்தனை அடங்கும் என்று சொல்லச் சொன்னார். டியாகோவில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் ஒட்டும் கிட்தான் என்று தெரிந்ததும் அந்தப் பக்கத்தையே நோட்டில் அடித்துவிட்டார். "நடுராத்திரி சேத்துப்பட்டு ரோட்டுல மூட்டையோட நின்னுக்கினு ஒட்டிக்கினு இருக்கறதா?"

நோட்டு என்றது பட்டு வரவு செலவு நோட்டு. முன்பக்கம் தறிக் கணக்கு. திருப்பிப் பிடித்தால் பின்பக்கம் கார்.

வண்டி பார்க்க அவர் தனியாகப் போவதில்லை. தாய்மாமன் ஒருவர் ராசி பார்க்க, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பேப்பர் பார்க்க, வந்தவாசியிலிருந்து மெக்கானிக் மேஸ்திரி ஒருவர் வண்டி பார்க்க. மூன்றாம் நந்திவர்மன் பாண்டியரைத் தெள்ளாற்றில் முறியடித்து 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்று பேர் வாங்கியபோதுகூட இவ்வளவு மந்திராலோசனை நடந்திருக்காது.

இந்தக் கூட்டத்தில் பரிதாபத்துக்குரியவர் மேஸ்திரி. முப்பது வருஷமாகப் பழைய வண்டி பார்க்கப் போகிறவர். ஆயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று பார்ப்பார். ஆயில் குச்சியை உருவி விரலில் தேய்ப்பார். சைலன்சரில் உள்ளங்கையை வைப்பார். ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. முதல் முதலாக அவரை ஒரு நெக்ஸான் இ.வி. முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பானெட்டைத் திறந்தார். ஆரஞ்சு நிறத்தில் தடித்த ஒயர்கள். தொடாதே என்று மின்னல் படம். ஆயில் குச்சி இல்லை. பின்னால் போய்க் குனிந்தார், சைலன்சர் இல்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார், பண்ணியாகிவிட்டது என்றார்கள். ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பைக்குள் சொருகிக்கொண்டு, "ஆர்ன் அடிங்க" என்றார். அடித்தார்கள். "ஆர்ன் நல்லாகீது" என்றார்.

ஆனால் தொழில்காரர் தொழில்காரர்தான். அடுத்த வண்டியிலேயே பிடித்துவிட்டார். பேட்டரி கனத்தாலும் காலை வைத்ததும் பாயும் வேகத்தாலும் இந்த வண்டிகள் டயரைச் சீக்கிரம் தின்கின்றன. காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைப் பிடித்துப் பேட்டரிக்கு அனுப்பிவிடுவதால் பிரேக்குக்கு வேலை குறைவு, தேயாமல் துருப்பிடிக்கும். டயரையும் டிஸ்க்கையும் பார்த்து, ஓட்டியவர் பொறுமைசாலியா முரடரா என்று ஜாதகம் சொல்ல ஆரம்பித்தார். பேட்டரியைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார். "அது வாயில்லா ஜீவன், நீங்களே பாத்துக்குங்க."

வாத்தியார் வேலையும் லேசில்லை. 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை பேட்டரிக்கு வாரண்டி என்றால், 2020-இல் வந்த வண்டிக்கு மிச்சம் எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணுவார். வெளிமாநில வண்டி என்றால் ஃபாரம் 28, கைமாற்ற 29, 30 என்று மந்திரம்போல் ஒப்பிப்பார். 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் பழைய மின்சாரக் காருக்கு வரியை 12-லிருந்து 18 சதவீதமாக ஏற்றியபோது டீக்கடையே கொதித்தது. அவர்தான் விளக்கினார்: வியாபாரி வாங்கி விற்றால் அவருக்கு நிற்கும் லாபத்தின் மேல்தான் வரி, வீட்டுக்காரர் வீட்டுக்காரருக்கு விற்றால் வரியே இல்லை. அன்றே பட்டுக்காரர் முடிவெடுத்தார்: வாங்கினால் வீட்டுக்காரரிடம்தான்.

இடையில் ஒரு சபலம் வந்து போனது. 2025 ஏப்ரலில் புளூஸ்மார்ட் என்ற மின்சார டாக்சி கம்பெனி ஓட்டத்தை நிறுத்தியது. டெல்லியிலும் பெங்களூரிலும் ஓடிய அதன் கார்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. அவை மலிவாகக் கைமாறும் என்ற பேச்சு தெள்ளார் வரை வந்தது. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து என்றால் வாடகை வண்டி. போட்டோவில் மஞ்சளைப் பார்த்ததும் பட்டுக்காரர் தலையை ஆட்டினார். "வாடகைக்கு நெஞ்ச தறி மாதிரி. ராவும் பகலும் அடிச்சிருப்பான்."

கரண்ட் செலவு விஷயத்தில்தான் அவர் தன் வாழ்நாளின் பெரிய திட்டத்தைப் போட்டார். அப்பா காலத்துக் குழித்தறி ஒன்று வீட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். 2023-இல் 200-லிருந்து ஏற்றினார்கள். பழைய நெக்ஸானின் பேட்டரி 30.2 யூனிட். நோட்டைத் திருப்பினார், வகுத்தார், ஏறக்குறைய பத்து முழுச் சார்ஜ் வந்தது. கைத்தறிக்குக் கால் மிதியும் கைநாடாவும்தான் வேண்டும், கரண்ட் எதற்கு? ஒரு பல்பு, ஒரு ஃபேன். மிச்சமெல்லாம் வண்டிக்கு! பொங்கி வந்த சந்தோஷத்தை மனைவியிடம் சொன்னார்.

அந்த அம்மாள் அரிசி களைந்துகொண்டே, "தறியே ஓடல, தறிக் கரண்ட்டு மட்டும் ஓடுமா?" என்றார். "ஈ.பி.காரன் வந்து கேட்டா, கார்ல நெய்யறோம்னு சொல்லுவீங்களா?"

அந்தப் பக்கமும் நோட்டில் அடிக்கப்பட்டது. ஆனால் யூனிட், வகுத்தல், மீட்டர் என்று இரண்டு நாள் புழங்கியதில் அவருக்கு ஒரு பொறி தட்டியது. பேட்டரியை ஏன் நிறுக்க முடியாது?

காஞ்சிபுரத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் 2021 நெக்ஸான் ஒன்றை ஏழரை லட்சத்துக்குச் சொல்லியிருந்தார். பட்டுக்காரர் வந்தவாசியில் ஒரு சப் மீட்டர் வாங்கி, 15 ஆம்ப் பிளக்கோடு பலகையில் பொருத்தி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கூட்டமும் ஏறியது. முழுச் சார்ஜில் இருந்த வண்டியை முதலில் 20 சதவீதம் வரை இறக்க வேண்டும். பெரியவர் நல்ல மனுஷர், அவரே ஓட்டினார். திருத்தணி போய் முருகனைப் பார்த்தார்கள். பிறகு உத்திரமேரூர். குடவோலையில் நிற்பவருக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு அங்கே சுவரில் இருக்கிறது: வயது 35-க்கு மேல், 70-க்குள், வரி கட்டும் நிலம் கால் வேலி, சொந்த மனையில் வீடு. வாத்தியார் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, பட்டுக்காரரின் நோட்டைப் பார்த்தார். அதில் காருக்கு இருபத்தேழு நிபந்தனை இருந்தது.

ஏசியோடு ஐந்து பேரைச் சுமந்து ஏறத்தாழ 155 கிலோமீட்டர் ஓடி, ராத்திரி ஏழு மணிக்கு வண்டி 20-ல் வந்து நின்றது. ஃபுல் சார்ஜுக்கு 312 என்று கம்பெனி சொன்ன வண்டிதான். ரோட்டில் இருநூறைத் தொட்டால் நல்ல வண்டி என்று ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். சப் மீட்டரைச் செருகினார்கள். வீட்டுப் பிளக்கில் 100-ஐ எட்ட எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். பெரியவர் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு, மற்ற மூவரும் கூடத்தில் படுத்தார்கள். பட்டுக்காரர் மீட்டருக்குப் பக்கத்தில் பாயை விரித்தார்.

அவர் கணக்கு இது. 30.2-இல் 80 சதவீதம் என்றால் 24 யூனிட்டும் சில்லறையும். ஏற்றும்போது சூடாகி வீணாவது பத்துப் பதினைந்து சதவீதம் இருக்கும். இந்தச் சேதாரத்தை வாத்தியாருக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது, பட்டுக்காரருக்கு வேண்டியிருக்கவில்லை. கச்சாப் பட்டைச் சோப்பு போட்டுக் காய்ச்சினால் பசை போய் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கழியும். கிலோ கொடுத்தால் முக்கால் கிலோதான் கைக்கு வரும் என்று தெரிந்தே பிழைப்பவர். ஆக, புது வண்டியாக இருந்தால் மீட்டரில் 27 யூனிட்டாவது ஓட வேண்டும். பேட்டரி சுருங்கியிருந்தால் சுருங்கிய அளவுக்கு மீட்டரும் குறைவாக ஓடும். 21, 22-ல் வண்டி வயிறு நிறைந்ததென்றால் மேல் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம்.

மணிக்கு ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்து நோட்டில் எழுதினார். இரண்டரை மணிக்குப் பெரியவரும் எழுந்து வந்து உட்கார்ந்தார். தன் வண்டிக்குப் பரீட்சை என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? விடியற்காலை நான்கு மணிக்கு வண்டி 100-ஐக் காட்டியது. பட்டுக்காரர் கூட்டிக் கழித்து, இரண்டாம் தடவையும் சரிபார்த்து, நிமிர்ந்தார். 26.3.

"நாலு வருஷம் ஓட்டியும் பெரிசா சேதாரமே இல்லீங்க" என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. "அசல் ஜரிகை."

பெரியவர் அந்த நோட்டைக் கையில் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, வரி வரியாகப் படித்தார். உள்ளே போனார். மனைவியோடு ஏதோ பேசும் சத்தம் கேட்டது. காபியோடு திரும்பி வந்தவர் உட்காராமலேயே சொன்னார்: "பேட்டரி போயிடும்னு பையன் பயமுறுத்தினதாலதான் தள்ளிவிடலாம்னு இருந்தேன். இவ்வளவு நல்லா இருக்கிற வண்டிய எதுக்குக் குடுக்கணும்? தப்பா நினைச்சுக்காதீங்க."

முதல் பஸ்ஸில் யாரும் பேசவில்லை. தாய்மாமன் மட்டும், கிளம்பும்போது பூனை குறுக்கே போனதை இப்போது சொன்னார். வந்தவாசி நெருங்கும்போது பட்டுக்காரர் நோட்டைத் திருப்பிப் பிடித்து, காஞ்சிபுரம் என்ற பக்கத்தின் ஓரத்தில் '26.3, நல்ல மனுஷன், இட்லி பூ மாதிரி' என்று எழுதினார். அடுத்த பக்கத்தில் வேலூரில் ஓர் எம்.ஜி. இசட்.எஸ். இருந்தது. 44.5 யூனிட். அதில் 80 சதவீதம் எவ்வளவு என்று வாத்தியாரைக் கேட்டார். வாத்தியார் தூங்கிப் போயிருந்தார்.