பீரோவில் கிடைத்த பங்குகள்

கேள்வி: மறைந்த அப்பா 1992-ல் வாங்கிய பங்குப் பத்திரங்கள் பீரோவில் கிடைத்தன. விற்றால் வரி எவ்வளவு?

பதில்: காகிதமாக இருக்கும்வரை சந்தையில் விற்க முடியாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு நிறுவனத்தின் பதிவாளரை அணுகி, உங்கள் டீமேட் கணக்குக்கு மாற்றுங்கள். அலைச்சல்தான், ஆனாலும் விட்டுவிடாதீர்கள்.

வரியில் நல்ல சேதி. பங்கு நேற்றுதான் உங்கள் கைக்கு வந்தது என்றாலும், வைத்திருந்த காலம் அப்பா வாங்கிய நாளிலிருந்தே கணக்கு. பங்கோடு முப்பது வருடப் பொறுமையையும் அவர் உங்களுக்கு எழுதிவைத்திருக்கிறார்! பட்டியலிட்ட நிறுவனமென்றால் ஆண்டுக்கு ரூ.1.25 லட்சம் வரை நீண்டகால லாபத்துக்கு வரியில்லை; அதற்கு மேல் 12.5 சதவிகிதம். லாபத்தை 1992 விலையிலிருந்து கணக்கிட வேண்டாம். வாங்கிய விலையாக 2018 ஜனவரி 31-ன் விலை கைகொடுக்கும். மார்ச்சில் கொஞ்சம், புது நிதியாண்டு பிறக்கும் ஏப்ரலில் கொஞ்சம் விற்றால் விலக்கு இரண்டு முறை கிடைக்கும்.