நோகாத பல்

பேலியகொடை மீன் சந்தையிலே விடியற்புறத்தில் சற்று நின்று பார்ப்பவர்க்கு, ஓர் அறக்குளாவின் செவுளை விரித்து நிறம் பார்த்து, கண்ணைப் பார்த்து, வயிற்றை விரலால் அமுக்கி, முகர்ந்தும் பார்த்து, இத்தனைக்கும் பின்னரே விலை கேட்கும் நம் சனங்கள், பரிசோதனை என்னும் சாஸ்திரத்தில் உலகத்தார் எவர்க்கும் சளைத்தவரல்லர் என்பது பிரத்தியட்சமாக விளங்கும். செத்த மீனின் தலையை இவ்வளவு சிரத்தையோடு ஆராயும் அந்த மகாஜனங்கள், தமது வாயை வருஷத்துக்கு ஒரு முறையேனும் பல் வைத்தியரிடம் திறந்து காட்டுவரோவெனில், அந்தப் பேச்சே ஆகாது.

எமது அயலில் வசிக்கும் மீன் முதலாளி ஒருவர், 2011 இல் சந்தை புறக்கோட்டையிலிருந்து இவ்விடம் பெயர்ந்தபோது கூடவே பெயர்ந்து வந்தவர், இவ்விஷயத்தில் ஒரு சித்தாந்தமே வைத்திருந்தார். "நோகாத பல்லுக்கு டாக்குத்தர் எதுக்கு, மாஸ்ரர்?" என்பார். நொந்தாலும் அவருக்கு ஒரு கிரமம் உண்டு: முதல் நாள் கராம்பு, மறுநாள் பனடோல், அதற்கும் அடங்காவிடில் கொப்புளிப்பதற்கென்று வாயில் விடும் சாராயம், அது கொப்புளிக்கப்படாமலே உள்ளே போய்விடும். சுறாவுக்குப் பல் விழ விழ ஆயுள் முழுதும் புதிதாய் முளைத்துக்கொண்டே இருக்கும் என்பதை, நாள்தோறும் சுறா வெட்டுவிக்கும் அவர் அறிவார். மனுஷனுக்குப் பாற்பல் 20, பின்னர் 32, அத்தோடு பகவான் கடையைப் பூட்டிவிட்டார் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சித்தாந்தத்தின் கோளாறு பல்லின் அமைப்பிலேயே இருக்கிறது. பல்லின் மேலோடாகிய எனாமலுக்கு நரம்பு கிடையாது. நாம் பிளேன்ரீயில் தாராளமாய்க் கரைக்கும் சீனியைத் தின்று வாய்க்கிருமிகள் உமிழும் அமிலம் அதனை மாதக்கணக்காக அரித்தாலும், உடையவனுக்கு ஒரு சமிக்ஞையும் வராது. பல்லுக்கொதி என்று அலறும் வேளையில் சூத்தை பெரும்பாலும் உள் நரம்பை நெருங்கியிருக்கும். கள்வன் பெட்டகத்தைத் திறந்த பின்னர் குரைக்கும் நாயை நம்பி உறங்குவது போன்றது, நோவை நம்பி இருப்பது. தொடக்கத்திலே கண்டால் சிறிது சுரண்டி அடைப்பதோடு முடியும் வேலை, பிந்தினால் வேர்ச் சிகிச்சையாகும், அல்லது குறடாகும். பல்லோரத்தில் கல்லாய் இறுகிய காரையோ, எந்தப் பிரஷுக்கும் எந்தப் பற்பொடிக்கும் அசையாது. வைத்தியரின் கருவிக்கே அசையும்.

வெற்றிலைச் சங்கதி இன்னும் பாரதூரமானது. இலங்கையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. வெற்றிலையோடு மெல்லும் பாக்கும் புகையிலையும் அதற்குப் பிரதான காரணங்கள். அதற்கு முன்னோடியாகக் கன்னத்தின் உட்புறத்தில் தோன்றும் வெள்ளைப் படலமும் பெரும்பாலும் நோவதில்லை.

முதலாளியை அசைத்தது எமது உபதேசமன்று. பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்துக்குப் போய்வந்த பேத்தி, கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்துத் தாத்தாவின் வாய்க்குள்ளே பார்த்து, "சீ, கறுப்பு!" என்று தீர்ப்புக் கூறிவிட்டாள். மனுஷர் வாட் பிளேஸிலுள்ள தேசிய பல் வைத்தியசாலைக்குப் போய், சனக்கூட்டத்தில் நெடுநேரம் காத்திருந்து, ஒரு சதமும் கொடாமல் ஒன்றைக் கழற்றுவித்து, இரண்டை அடைப்பித்து, வீங்கிய கன்னத்தோடு திரும்பினார்.

"ஆறு மாதத்தில திரும்பவும் வரட்டாம், மாஸ்ரர். நோகாட்டியும் வரட்டாம்," என்றார் இரகசியமாக. "பாவம், அங்கயும் வியாபாரம் மந்தம் போல."